மேற்கே இல்லாத மாட்டுக்கொட்டகை

காரைக்குடி
6-7-2025, ஞாயிறு

மாப்பிள்ளை வீரபாண்டியனுக்கு, செம்மலை எழுதுவது.

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. முந்தாநாள் நான்காவது தடவையாக மனுப் போட்டுவிட்டு ஜெயில் வாசலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காவலர் வந்து, "வீரபாண்டியன் உங்களப் பாக்க விருப்பமில்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, கெளம்புங்க பெரியவரே" என்றார். பெரியவராம். எனக்கு நாற்பத்தேழு வயது. உங்களுக்கென்று வாங்கிப் போன மலைப்பழத்தைத் திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தேன். வீட்டில் வந்து, "மாப்பிள்ளை வாங்கிக்கிட்டாரு, நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லி வைத்தேன்.

தேவிகா வந்தால் பார்க்கிறீர்கள். அபி வந்தால் பார்க்கிறீர்கள். நான் வந்தால் மட்டும் உங்களுக்கு என்ன வந்துவிடுகிறது? கேஸ் நடந்தபோது நான் கோர்ட்டுக்கு வரவில்லை என்ற குறையா? "கவர்மெண்டு வேலையில இருக்க, கேஸ் நடக்குற எடத்துல தலை காட்டாத" என்று எங்கள் வி.ஏ.ஓ. சார் சொன்னார். கிராம உதவியாளனுக்கு வி.ஏ.ஓ. சொல்தான் சட்டம், உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் வாய்தாவுக்கு வராமல் கேரளாவுக்கு வேலைக்குப் போனீர்களே, அதனால்தானே இன்றைக்கு அப்பீல் போட்டும் ஜாமீன் இல்லாமல் கிடக்கிறீர்கள். அதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? போன ஆவணியில் உங்களுக்கு மூன்று வருஷம் என்று தீர்ப்பு வந்த வாரமே என் தங்கச்சி தேவிகாவையும் பிள்ளை அபியையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஒரே வீடு, ஒரே உலை. என் வீட்டுக்காரி ஒச்சம்மா ஒருநாள் முகம் சுளித்ததில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். நீங்கள் உள்ளே குற்றவியல் நீதி நிர்வாகம் என்று அஞ்சல்வழிப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருப்பதாக தேவிகா சொன்னாள். நானும் அதிலேயே சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் வகுப்பு. இதை மத்தியானச் சோற்று நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷமாகக் கோயிலுக்குப் போனதைவிட ஸ்டேஷனுக்குப் போனது அதிகம், இரண்டாம் தாளில் எனக்குத் தெரியாத காவல் நிர்வாகமா என்று ஒரு தைரியம். மூன்றாம் தாள்தான் இடிக்கிறது. சிறைச் சீர்திருத்தமாம். அதை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுங்கள், இரண்டாம் தாளை நான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். நேரில் பார்க்காவிட்டாலும் போகிறது, பாடம் பேசலாம் அல்லவா?

இப்படிக்கு,
செம்மலை


மத்தியச் சிறை
20-7-2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் அலுவலகத்தில் ஒருவர் படித்துப் பார்த்துத்தான் விடுவார். ஆகையால் அவருக்கும் சேர்த்து வணக்கம்.

நீங்கள் கோர்ட்டுக்கு வராததில் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். காலையில் எண்ணுகிறார்கள், மத்தியானம் எண்ணுகிறார்கள், சாயங்காலம் எண்ணிப் பூட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை எண்ணப்பட்டால் மனுஷனுக்கு அலுத்துப் போகும் மச்சான். எனக்கு அலுத்துப் போய்விட்டது.

மூன்றாம் தாளைக் கேட்டீர்கள். 'சிறைவாசிக்குப் பயனுள்ள பணி' என்று நாலாம் பாடத்தில் ஒரு பத்தி இருக்கும். எனக்குத் தச்சுப் பட்டறை. பள்ளிக்கூட பெஞ்சுகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறேன். பழைய வீடு பிரிப்பவன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "ஏற்கெனவே பிரிச்சதுக்குத்தான் இங்க வந்திருக்க" என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. இதை உதாரணமாக எழுதுங்கள், ஐந்து மதிப்பெண் கிடைக்கும்.

நான் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசகசாலையில் ஃபேன் ஓடுகிறது. இரண்டாம் தாளுக்கு உங்கள் உதவி வேண்டாம். அதில் ஆறாவது பாடம், சோதனையும் கைப்பற்றுதலும். அதை ஐந்து தடவை படித்துவிட்டேன். நீங்களும் படியுங்கள்.

மனுப் போட வேண்டாம். வீணாக அலைச்சல்.

வீரபாண்டியன்


காரைக்குடி
10-8-2025

மாப்பிள்ளைக்கு,

ஒரு பக்கக் கடிதத்தில் இவ்வளவு குத்தலை எப்படி அடக்கினீர்கள் என்று வியந்துகொண்டே படித்தேன். கோபம் இல்லையாம், அலுத்துவிட்டதாம். எனக்கு மட்டும் அலுக்காதா? காலை ஆறு மணிக்கு வி.ஏ.ஓ. சாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. உங்கள் பெண்டாட்டி வாய் திறந்து ஒன்று கேட்பதில்லை. அதுவே எனக்கு ஒரு பாரம். அழுதாலாவது ஆறுதல் சொல்லலாம். பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சொன்ன ஆறாவது பாடம் போன வாரம் நடந்தது. எங்களுக்கு உதயகுமார் என்று ஒரு வாத்தியார், சின்ன வயசு, சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டே பாதிச் சம்பளம் போய்விடும் போல. "மகஜர்ன்னா என்னன்னு யாராச்சும் நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். திருடுபோன பொருளைப் போலீஸ் எங்கே, எப்படிக் கண்டெடுத்தது என்று அந்த இடத்திலேயே எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் தாள்தானே. வகுப்பில் முப்பது பேர், எல்லாம் முழித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். "பாத்ததென்ன சார், இருநூறுக்கு மேல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

"இருநூறு எடத்துக்கும் நேர்ல போனீங்களா?" என்றார்.

"அதெல்லாம் ஸ்டேஷன்லயே எழுதி ரெடியா இருக்கும் சார். வி.ஏ.ஓ. சார் போட்டுட்டுக் குடுப்பாரு, கீழ நான் போடுவேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாடத்தை அதோடு நிறுத்திவிட்டு எங்களுக்கு ஒப்படைப்புக் கொடுத்துவிட்டார். தீர்ப்பான ஒரு கேஸின் மகஜரை வாங்கி, சட்டம் சொல்கிறபடி அது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து எட்டுப் பக்கம் எழுத வேண்டும். இப்போது வந்திருக்கும் புதுச் சட்டத்தில் சோதனையைச் செல்போனில் படம் பிடிக்க வேண்டுமாம், அதையும் ஒப்பிட்டு எழுத வேண்டுமாம்.

வி.ஏ.ஓ. சாரிடம் ஒரு நகல் கேட்டேன். விரட்டிவிட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, உங்கள் கேஸ் கட்டு உங்களிடம்தானே இருக்கிறது. அதில் மகஜர் இருக்கும். எழுதி அனுப்புங்கள்.

இதற்கும் முடியாது என்று ஒற்றை வரியில் பதில் போட்டீர்களானால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை தின்பது என் வீட்டுச் சோறு. அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

செம்மலை


மத்தியச் சிறை
28-8-2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரியை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதில் தப்பில்லை. என் பிள்ளை உங்கள் சோற்றைத்தான் தின்கிறாள். இந்த ஒரு வருஷமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அந்தச் சோற்றுக்காகத்தான்.

இங்கே நகல் எடுக்க வழியில்லை. கையால் எழுதியிருக்கிறேன். கேஸ் கட்டில் இருபத்து மூன்றாம் பக்கம்.

'12-3-2023 அன்று காலை 11.30 மணிக்கு, எதிரி வீரபாண்டியன் அடையாளம் காட்டியதன்பேரில், அவரது வீட்டின் மேற்கே உள்ள மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியிலிருந்து, பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, இனாமல் அடுக்கு நான்கு ஆகியவை கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டன.'

முதல் சாட்சி உங்கள் வி.ஏ.ஓ. அப்போது எங்கள் ஊரும் அவருடைய கூடுதல் பொறுப்பில் இருந்தது.

இரண்டாம் சாட்சி: அ. செம்மலை, கிராம உதவியாளர்.

கையெழுத்தை நான் இதில் போட்டுக் காட்டவில்லை. உங்கள் கையெழுத்து உங்களுக்கே தெரியும். 'லை'யின் சுழியை நீட்டி அடியில் ஒரு கோடு இழுப்பீர்கள். அபியின் பள்ளிக்கூடப் படிவத்தில் கார்டியன் என்று போட்டீர்களே, அதே கோடு.

என் வீட்டுக்கு மேற்கே கொட்டகை கிடையாது. நாங்கள் மாடே வைத்ததில்லை. கோர்ட்டில் இதைச் சொன்னோம். தீர்ப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'இரண்டு அரசு ஊழியர்கள் பார்த்துக் கையொப்பமிட்டுள்ளனர். எதிரியுடன் அவர்களுக்கு எந்த முன்விரோதமும் இல்லை. நம்பாமலிருக்கக் காரணமில்லை.' முன்விரோதம் இல்லைதான். என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் எடுத்துக் கொடுத்த ஆள் நீங்கள்.

வி.ஏ.ஓ. கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். இரண்டாம் சாட்சி தேவையில்லை என்று உங்களை விட்டுவிட்டார்கள். நகலைப் படித்த அன்றைக்கு, தெரிந்தே போட்டீர்கள் என்று நினைத்தேன். அப்புறம், படிக்காமல் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். எது உண்மையானாலும் உங்கள் முகத்தைப் பார்த்தால் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன், அது தேவிகா காதுக்கும் போய்விடும். அவளுக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே உங்கள் வீட்டை விட்டு இறங்கிவிடுவாள். இறங்கி எங்கே போவாள்? அதனால்தான் வரவில்லை.

விளக்குத் திருடுபோனதாகச் சொன்ன கண்டனூர் வீட்டில் பின்கட்டைப் பிரித்தபோது நான் எடுத்து வந்தது ஒன்றே ஒன்று. கழன்று விழுந்த ஒரு பித்தளைக் குமிழ். அபி விளையாட. அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

எட்டுப் பக்கம் கேட்டார்கள் என்றீர்கள். எழுதுங்கள். தேவிகாவிடம் சொல்லாதீர்கள்.

வீரபாண்டியன்


காரைக்குடி
28-9-2025

மாப்பிள்ளைக்கு,

ஒரு மாசம் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் வி.ஏ.ஓ.வைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் போலீஸை. மூன்றாவதில் உங்களையே திட்டியிருந்தேன், முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று. இது நாலாவது.

தெரிந்து போடவில்லை. அபி மேல் ஆணை. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்று எனக்கே தெரிகிறது.

எங்கள் வேலை எப்படி என்றால், மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷன் ஆள் ஒரு கட்டுக் கொண்டு வருவார். வி.ஏ.ஓ. சார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரிசையாகப் போடுவார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே அவர் முடித்ததை வாங்கி வாங்கிப் போடுவேன். தாளின் கீழ்ப்பாதி மட்டும்தான் எனக்குத் தெரியும். மேலே யார் பேர், எந்த ஊர், ஒன்றும் பார்ப்பதில்லை. பார்த்தால், "என்னடா, நீ என்ன நீதிபதியா?" என்பார். பன்னிரண்டு வருஷமாக இது ஒரு வேலை என்றுகூட நினைத்ததில்லை. எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுவது மாதிரிதான்.

என் டைரியை எடுத்துப் பார்த்தேன். 12-3-2023 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நான் சிங்கம்புணரியில் இருந்தேன் மாப்பிள்ளை. ஒச்சம்மாளின் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. வீடியோ எடுத்தவர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினொன்றரை மணிக்கு நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரையோ பார்த்து, "எங்கப்பா வீரபாண்டியன் மாப்பிள்ளை? ஒரு விசேசத்துக்கு வாராரா மனுசன்?" என்று சலித்துக்கொள்வது அதில் கேட்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் லாக்கப்பில் இருந்திருக்கிறீர்கள். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வி.ஏ.ஓ. சார் உங்கள் கேஸில் சாட்சி சொல்லிவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, அப்படியானால் இரண்டாவது ஆள் யார் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே அமுக்கிவிட்டேன். கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

போன புதன்கிழமை பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். மேற்குப் பக்கம் போய் நின்றேன். ஒரு முழ இடம், அதற்கப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே ஒரு கன்றுக்குட்டிகூடத் திரும்ப முடியாது. இரண்டு பக்கச் சுவரையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் இலவச சட்ட உதவி வக்கீல் சொர்ணவல்லியம்மாவை சிவகங்கையில் போய்ப் பார்த்தேன். அவருக்கு நாம் சொந்தம் என்றே தெரியாது. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அன்றைக்கு அங்கே இல்லை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அப்பீலில் தாக்கல் செய்து பார்க்கலாம் என்றார். ஜெயிக்குமா என்று உறுதி சொல்லவில்லை. ஆனால் என் வேலை போவது கிட்டத்தட்ட உறுதி என்றார். ஒரு மகஜர் பொய் என்றால் மற்ற இருநூறும் என்ன என்று கேட்பார்களாம். வி.ஏ.ஓ. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பதினோராவதாக இருக்கிறது. தை மாசம் ஆர்டர் வரும் என்கிறார்கள்.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

செம்மலை


மத்தியச் சிறை
12-10-2025

மச்சானுக்கு,

என்னைக் கேட்காதீர்கள்.

'கொடுங்கள்' என்று நான் எழுதினால் உங்கள் வேலையைத் தின்றவன் ஆவேன். 'வேண்டாம்' என்று எழுதினால் நீங்கள் அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டையும் என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். நான் ஏற்கெனவே சுமக்கிற இடத்தில் இன்னொன்றுக்கு இடம் இல்லை. நன்றாக இருக்கிறது ஐயா உங்கள் நியாயம்! கையெழுத்துப் போடும்போது என்னைக் கேட்டீர்களா?

இப்படி எழுதிவிட்டேனே என்று வருத்தமாகவும் இருக்கிறது. எழுதியதை அடித்துவிட மனம் வரவில்லை. இருக்கட்டும்.

கணக்காகச் சொல்கிறேன். நன்னடத்தைக் கழிவு போக எனக்கு இன்னும் பதிமூன்று மாதம். அதைக் கழித்துவிடுவேன். உள்ளே இருப்பது பழகிவிட்டது. நான் பயப்படுவது வெளியே வந்த பிறகுள்ள நாளுக்கு. என் தொழில் என்ன மச்சான்? சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிற ஆச்சிமார் நாற்பது அறை உள்ள வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, "பாத்துப் பிரிங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போவார்கள். ஆறு மாசத்துக்கு அந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் இருக்காது. சாவி கொடுத்தால்தான் எனக்கு வேலை. கண்டனூரில் விளக்குத் திருடியவன் என்று தீர்ப்பு இருக்கிறவனுக்கு யார் சாவி கொடுப்பார்கள்? கடைசி வரைக்கும் பெஞ்சுதான் தேய்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், உங்கள் வேலை போனால் நாலு பேர் சோறு போகும். அந்த நாலில் இரண்டு பேர் என்னுடையவர்கள். இதை நான் எப்படி முடிவு செய்வேன்? ஆறாம் பாடத்தில் இதற்கு விடை இல்லை. மூன்று தாளையும் புரட்டிவிட்டேன், எதிலும் இல்லை.

டிசம்பர் 21 பரீட்சை. எங்கள் ஒன்பது பேருக்கு உள்ளேயே எழுத இடம் போடுகிறார்கள். நன்றாகப் படியுங்கள்.

வீரபாண்டியன்


காரைக்குடி
24-12-2025

மாப்பிள்ளைக்கு,

பரீட்சை முடிந்தது. இரண்டாம் தாளில் ஏழாவது கேள்வி, 'மகஜர் சாட்சியின் கடமைகளை விவரி, பத்து மதிப்பெண்.' நீங்களும் அதே நேரத்தில் உள்ளே உட்கார்ந்து அதைத்தான் எழுதியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் கலங்கிவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற அம்மா, "என்ன சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டார். எழுதினேன். சாட்சி அந்த இடத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்க்க வேண்டும். எழுதியதைப் படிக்க வேண்டும். படித்த பிறகே கையொப்பமிட வேண்டும். நாலே வரி. இதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது எனக்கு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஐப்பசிக் கடைசியில் ஸ்டேஷன் கட்டு வந்தது. மூன்று மகஜர். வி.ஏ.ஓ. சார் போட்டுவிட்டு நீட்டினார். "எடத்தப் பாக்காமப் போட மாட்டேன் சார்" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டார். "என்னடா புதுசா? ஞாயித்துக்கெழமை படிச்சுட்டுக் கலெக்டராகப் போறியா?" என்றார். "இல்ல சார். வீரபாண்டியன் கேஸ்ல என் தங்கச்சி வீட்டுக்கு மேக்க கொட்டகை இருக்குன்னு என் கையெழுத்து இருக்கு சார்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அன்றைக்கே தெரியும் மாப்பிள்ளை. அதனால்தான் என்னைக் கோர்ட்டுப் பக்கம் போகாதே என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் என் வண்டியில் ஏறுவதில்லை.

தேவிகாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அதை மட்டும் நான் கேட்கவில்லை. ஊரார் வாயிலிருந்து அவள் காதுக்குப் போகக் கூடாது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். "ஏண்ணே, எங்க வீட்ல கொட்டகை இல்லேன்னு ஒனக்குத் தெரியாதா? பால் காச்சுன அன்னைக்கு மேக்குச் செவத்துல துணிக்கொடிக்கு ஆணி அடிச்சது நீதான" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. களைந்த அரிசியை இரண்டாகப் பிரித்தாள். பின்பக்கம் மூன்று கல்லை வைத்துத் தனியாக உலை போட்டாள். இன்றைக்கு நாற்பது நாள் ஆகிறது. ஒரே வீட்டில் இரண்டு உலை. என்னிடம் பேச்சுக் கிடையாது. ஒச்சம்மா போய்க் கூப்பிட்டாள், "ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல மதினி" என்றாளாம். அபி மட்டும் இரண்டு உலையிலும் சாப்பிடுகிறாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை சிவகங்கைக்குப் போய்ப் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டேன். சொர்ணவல்லியம்மா நாலு பக்கம் டைப் அடித்து வைத்திருந்தார். பேனாவைக் கொடுத்து, "இங்க, இங்க, இங்க" என்று கையெழுத்துப் போடும் இடத்தில் புள்ளி வைத்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பொறுத்தார். அப்புறம், "ஏங்க, நான் ஒங்களுக்கு எதிரான வக்கீல் இல்லங்க, நம்பிப் போடுங்க. கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்றார். "நம்பிப் போட்டுத்தாம்மா ஒரு மனுசன் உள்ள இருக்காரு" என்றேன். முக்கால் மணி நேரம் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், 'வீட்டின் கிழக்கே கொட்டகை எதுவும் இல்லை' என்று இருந்தது. "மேற்கேம்மா" என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். திருத்தி வேறு பக்கம் அடித்துக் கொடுத்தார். அதையும் படித்தேன். அப்புறம் போட்டேன். 'லை'க்கு அடியில் கோடு இழுக்கவில்லை.

தாசில்தார் ஆபீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். சஸ்பெண்ட் ஆர்டர் இந்த மாசத்துக்குள் வரும். பட்டியலில் பதினோராவது பெயர் இனி யாருடையதோ. பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். இது ஜெயிக்குமா, தெரியாது. பிப்ரவரியில் விசாரணை.

நீங்கள் சொன்னது சரி. உங்களைக் கேட்டிருக்கக் கூடாது. நான் போட்ட கையெழுத்து, நான்தான் அழிக்க வேண்டும்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதலாமா என்று பார்த்தேன். கடிதத்தில் எழுதக் கைவரவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தடவையாக மனுப் போடட்டுமா?

செம்மலை


மத்தியச் சிறை
4-1-2026

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார்கள். அலுவலகத்தில் படிப்பவர் என்னைக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, "கடைசி வரைக்கும் படிச்சேன்ப்பா" என்று மட்டும் சொன்னார்.

நானும் அந்த ஏழாவது கேள்வியை எழுதினேன். ஆனால் உங்கள் நாலு வரி எனக்கு வரவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினேன்.

சஸ்பெண்ட் ஆனால் ஆகட்டும் என்று என்னால் லேசாகச் சொல்ல முடியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் வெளியே வந்தால், சாவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முதலில் உங்கள் வீட்டு அடுப்புக்கு விறகு பிளப்பேன். அது ஒன்றுதான் இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். மனு வரும்போது பார்க்க மறுத்தால் இங்கே சும்மா விடமாட்டார்கள். காவலர் ஒரு நோட்டை நீட்டுவார். 'மேற்படி நபரைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை' என்று அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்து, மதில் ஓரமாகப் போய் நின்றுகொண்டு போட்டேன். அந்த நாலும் பொய்க் கையெழுத்து மச்சான்.

போகிக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வாருங்கள். தேவிகாவையும் கூட்டி வாருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வாருங்கள்.

வீரபாண்டியன்